ஊருக்குள் குடிவந்த செவிலியர்: வடக்கு கானாவின் நவ்ரோங்கோ பரிசோதனை

கானா நாட்டின் வடகிழக்கு மூலையில், புர்கினா ஃபாஸோ எல்லையை ஒட்டி, நவ்ரோங்கோ என்ற சிறு நகரம் இருக்கிறது. 1990களில் அதைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கஸேனா-நங்கானா மாவட்டத்தின் பரப்பு 1,675 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். இத்தனை பேருக்கும் நவ்ரோங்கோவில் ஒரு மாவட்ட மருத்துவமனை, மாவட்டத்தில் பரவலாக நான்கு சுகாதார நிலையங்கள். சமூகச் செவிலியர் என்ற பெயரில் அரசு சம்பளம் வாங்கியவர்கள் அந்த நிலையங்களில் காத்திருந்தார்கள். நோயாளிகள் ஊர்களில் இருந்தார்கள். நடுவே வயலும் புதரும், மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் ஓடைகளும் கிடந்தன.

செவிலியர் ஊருக்குள்ளேயே வந்து குடியிருந்தால் என்ன ஆகும்? ஊர்க்காரர்களே தொண்டர்களாகப் பொறுப்பேற்றால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்தால்? ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில், ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் எண்ணியபடி இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியதுதான் நவ்ரோங்கோ பரிசோதனை. மக்கள் பங்கேற்பைப் புகழும் அறிக்கைகள் ஏராளமாக உண்டு. அந்தப் பங்கேற்பில் எந்தப் பகுதி எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கும் துணிவு அபூர்வம். முப்பது ஆண்டுகள் கழித்தும் இதை எழுதத் தோன்றுவது அதனால்தான்.

வளவும் வயலும்

அங்கே ஊர் என்றால் வீடுகள் நெருங்கி நிற்கும் தெரு அல்ல. சில மண்வீடுகள், நடுவே முற்றம், ஒரு தானியக் குதிர், எல்லாவற்றையும் இணைக்கும் மண்சுவர்: இது ஒரு வளவு. கூட்டுக்குடும்பம் முழுவதும் அதற்குள் வாழும். வளவைச் சுற்றி அந்தக் குடும்பத்தின் வயல். அடுத்த வளவு அந்த வயலுக்கு அப்பால். கம்பு, சோளம், நிலக்கடலை என்று விளைவதெல்லாம் ஆண்டின் ஒரே மழைக்காலத்தை நம்பித்தான். அறுவடை முடிந்தபின் சகாரா பக்கமிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியைச் சுமந்துகொண்டு வரும். மூளைக்காய்ச்சல் பரவும் பருவமும் அந்த வறண்ட மாதங்கள்தான். மழை வந்தால் மலேரியா வரும். குதிரில் தானியம் அடிமட்டத்துக்கு இறங்குவதும் அப்போதே.

காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் நேராகப் புறப்பட்டுவிட முடியாது. கணவனின் சம்மதம் வேண்டும். பல வளவுகளில் மூத்த ஆணின் சம்மதமும் வேண்டும். நோய்க்குக் காரணம் முன்னோரின் கோபமா என்று குறி கேட்க வேண்டியிருக்கலாம். அதற்குப் பிறகு பணம். கானா அரசு 1985இல் மருத்துவமனைக் கட்டணங்களைக் கடுமையாக உயர்த்தியது. கையில் காசு வைத்தால்தான் சிகிச்சை என்ற அந்த ஏற்பாட்டை மக்கள் ‘கேஷ் அண்ட் கேரி’ என்றே அழைத்தார்கள். இத்தனையும் தாண்டி நடந்து போய்ச் சேரும்போது குழந்தைக்கு மூச்சு இருக்க வேண்டும்.

1978இல் அல்மா-அட்டாவில் கூடிய உலக சுகாதார மாநாடு ‘அனைவருக்கும் நலவாழ்வு’ என்று அறிவித்த பிறகு, ஆப்பிரிக்காவின் பல நாடுகளைப் போலவே கானாவும் ஊர்த் தொண்டர்களை வைத்து அதை அடைய முயன்றது. பயிற்சி கொடுத்தார்கள், மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். மேற்பார்வையும் தொடர்ந்த மருந்து வரத்தும் இல்லாததால் தொண்டர்கள் சோர்ந்தார்கள், திட்டம் நைந்துபோனது. அடுத்து, முறையாகப் பயின்ற செவிலியரை அரசு நியமித்தது. ஊரில் அவர்கள் தங்க இடமில்லை, போய்வர வண்டியில்லை. ஆகவே அவர்களும் கட்டடங்களுக்குள் முடங்கினார்கள். தொண்டர்தான் வழி என்று ஒரு தரப்பும், பயிற்சி பெற்ற பணியாளர்தான் வழி என்று மறுதரப்பும் வாதாடிக்கொண்டிருந்தன.

எண்ணத் தெரிந்த மையம்

நவ்ரோங்கோவில் ஏற்கெனவே ஒரு வலுவான ஆய்வு மரபு உருவாகியிருந்தது. 1989 முதல் 1991 வரை அங்கே நடந்த வைட்டமின் ஏ ஆய்வு, குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் அந்த வைட்டமினைக் கொடுத்தால் இறப்பு 19 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அந்த ஆய்வுக்காக அமைந்த களநிலையம் 1992இல் நவ்ரோங்கோ சுகாதார ஆய்வு மையமாக நிலைபெற்றது. அதன் இயக்குநர் மருத்துவர் ஃப்ரெட் பிங்கா. மருந்தில் நனைத்த கொசுவலைகள் குழந்தை இறப்பை 17 சதவீதம் குறைத்ததை அங்கே நடந்த இன்னொரு ஆய்வு நிறுவியது. மாவட்டத்தின் ஒவ்வொரு வளவுக்கும் எண் கொடுத்து, 90 நாட்களுக்கு ஒருமுறை ஆள் அனுப்பி, பிறந்தவர், இறந்தவர், குடிவந்தவர், குடிபெயர்ந்தவர் எல்லாரையும் பதியும் முறை இவற்றின் வழியே வேரூன்றியது.

ஏழை நாட்டின் ஏழை மாவட்டத்தில் இது எத்தனை பெரிய செல்வம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் ஏறாத குழந்தையின் சாவு எந்த அமைச்சகத்தின் காதிலும் விழுவதில்லை.

மருத்துவர் அலெக்ஸ் நஸ்ஸாரும் அவருடைய குழுவினரும் 1994இல் மூன்று ஊர்களில் சிறிய அளவில் தொடங்கினார்கள். ஆயத்தமான திட்டத்தோடு அவர்கள் போகவில்லை. ஊர்த்தலைவர், மூத்தோர், பெண்கள் குழுக்கள், இளைஞர்கள் என்று ஒவ்வொரு தரப்பிடமும் தனித்தனியே உட்கார்ந்து கேட்டார்கள், சேவையைத் தொடங்கினார்கள், திரும்பப் போய்க் குறைகளைக் கேட்டார்கள், மாற்றினார்கள். ஏறத்தாழ 18 மாதங்கள் இப்படிப் போயின. குடும்பக் கட்டுப்பாட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் இங்கே எடுபடாது என்பது அந்த உரையாடல்களில் தெளிவானது. இருக்கும் குழந்தை பிழைக்குமா என்ற பயம் தீராதவரை, அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடச் சொல்வதில் அவர்களுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? நியாயமான பதில்தானே.

அப்போது பிடித்துக்கொண்ட ஒரு கஸேம் மொழிச் சொல் திட்டம் முழுவதற்கும் அடையாளமாயிற்று: ‘ஸுருகெலு’. பொதுநன்மைக்காக ஒன்றுகூடி நிற்பது என்று பொருள் சொல்லலாம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் நமக்கு உடனே புரியும். நலக் குழுவினருக்கு ‘யெஸுரா நக்வா’ என்றும், நலத் தொண்டர்களுக்கு ‘யெஸுரா ஸென்னா’ என்றும் பெயர்.

நான்கு பகுதிகள்

1996இல் முழுப் பரிசோதனை தொடங்கியது. மாவட்டம் நான்காகப் பிரிக்கப்பட்டது. முதல் பகுதியில் செவிலியர் மட்டும் ஊருக்குள் குடியேறினார்கள். இரண்டாவதில் ஸுருகெலு மட்டும், அதாவது தலைவர்கள், குழுக்கள், தொண்டர்கள். மூன்றாவதில் இரண்டும். நான்காவதில் வழக்கமான சுகாதார நிலையச் சேவையே தொடர்ந்தது.

ஊருக்குப் போன செவிலியருக்கு ‘சமூகச் சுகாதார அலுவலர்’ என்ற புதிய பெயரும் மறுபயிற்சியும் கிடைத்தன. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். ஏறத்தாழ 3,000 பேர் ஒருவரின் பொறுப்பு. 90 நாட்களுக்குள் தம் எல்லையிலுள்ள எல்லா வளவுகளுக்கும் போய்வர வேண்டும்: தடுப்பூசி, மலேரியா மருந்து, வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல், கருத்தடை, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, முடியாததை மேலே அனுப்புவது. அவர் தங்கவும் நோயாளிகளைப் பார்க்கவும் ஊர்க்காரர்கள் கூட்டுழைப்பில் மண்சுவர் எழுப்பி ஒரு வளவைக் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்த மண்சுவரைப் பற்றி நின்று பேச வேண்டும். பட்டணத்தில் படித்த ஓர் இளம்பெண், தன் சொந்தங்கள் யாருமில்லாத ஊரில், மின்சாரமில்லாத இரவுகளில் தனியே தங்குகிறார். அவர் பேசும் மொழி ஊரின் மொழியாக இல்லாமலும் போகலாம். அவருடைய பாதுகாப்புக்கும் தண்ணீருக்கும் கூரைக்கும் ஊர்தான் பொறுப்பு. தன் கையால் மண் குழைத்துக் கட்டிய வளவில் குடிவந்தவரை ஊர் தன் விருந்தாளியாக, பிறகு தன் ஆளாகப் பார்த்தது. நள்ளிரவில் அந்தக் கதவைத் தட்டும் உரிமையும் அதிலிருந்தே வந்தது. சுகாதார நிலையத்தின் கதவு மாலையில் பூட்டப்படும். இந்தக் கதவுக்கு அந்தப் பேச்சே இல்லை.

தர்பார் என்னும் பள்ளிக்கூடம்

வடக்கு கானாவில் ஊர்த்தலைவர் முன்னிலையில் கூடும் பொதுக்கூட்டத்துக்குப் பெயர் ‘தர்பார்’. நமக்குப் பழகிய அதே சொல்தான். இந்தியாவில் ஆண்ட ஆங்கிலேயர் கையோடு அங்கே போய்ச் சேர்ந்தது. பறை முழங்கும், ஆட்டம் நடக்கும், மூத்தோர் பேசுவார்கள். ஸுருகெலு குழு இந்தக் கூட்டத்தையே வகுப்பறையாக்கியது. பள்ளிக்கூடம் பார்த்திராத பெரியவர்கள் நிறைந்த ஊரில் துண்டுப்பிரசுரம் அடித்துப் பயனில்லை. தலைவர் எழுந்து, எல்லார் காதிலும் விழும்படி, தடுப்பூசியைப் பற்றியும் பிள்ளைப்பேற்று இடைவெளியைப் பற்றியும் பேசினால், அதற்குப் பிறகு அது ஊரில் பேசக்கூடிய விஷயமாகிவிடுகிறது.

பேச முடியாத விஷயமாக அது இருந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே திருமணத்தில் மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்கு மாடுகளைப் பரியமாகக் கொடுக்கிறார்கள். பரியம் கொடுத்தபின் அவள் பெறும் பிள்ளைகள் கணவனின் குலத்துக்குரியவர்கள். பிள்ளை பெறுவது அவள் கடமை. கருத்தடை செய்துகொண்டால் மனைவி கைமீறிப் போய்விடுவாள், வேறொருவனை நாடுவாள் என்று ஆண்கள் அஞ்சினார்கள். அடி விழும், துரத்திவிடுவார்கள் என்று பெண்கள் அஞ்சினார்கள். ஆய்வாளர்கள் இரு தரப்பிலும் கேட்டுப் பதிந்த அச்சங்கள் இவை. வீட்டில் மாத்திரை அட்டை இருந்தால் யார் கண்ணிலாவது படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி தடம் விடாது. பெண்கள் ஊசியை விரும்பியதில் என்ன வியப்பு?

இங்கே ‘சமூகம்’ என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டியிருக்கிறது. சமூகம் ஒரே குரலில் பேசுவதில்லை. மூத்த ஆண்கள் கூடி எடுத்த முடிவை ஊரின் முடிவு என்று எழுதிக்கொண்டு திரும்பும் திட்டங்கள் பல. நவ்ரோங்கோ குழு ஆண்களைத் தவிர்க்கவில்லை. அவர்களுடைய அச்சத்தை அவர்களுடைய கூட்டத்திலேயே எடுத்துப் பேசியது, ஆண்களிடம் பேச ஆண் தொண்டர்களை அனுப்பியது. அதே சமயம் ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் செவிலியரின் வளவுக்கு வந்துபோகவும் வழியிருந்தது. இரண்டு வாசல்களும் திறந்திருந்ததைத்தான் இந்தத் திட்டத்தின் மிக நுட்பமான செயலாக நான் மதிக்கிறேன்.

எது எதைச் செய்தது

முடிவுகள் 2006இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் தொகுத்து வெளியாயின. எழுதியவர்கள் ஜேம்ஸ் ஃபிலிப்ஸ், அயாகா பாவா, ஃப்ரெட் பிங்கா. செவிலியர் ஊருக்குள் தங்கிய பகுதிகளில் மூன்று ஆண்டுகளில் குழந்தை இறப்பு விகிதம் பாதிக்கும் மேல் குறைந்தது. ஐ.நா.வின் புத்தாயிரம் ஆண்டு வளர்ச்சி இலக்குகள் 1990 முதல் 2015 வரை 25 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு எட்டச் சொன்ன குழந்தை நல இலக்கை அந்தப் பகுதிகள் 8 ஆண்டுகளில் எட்டின. செவிலியரும் ஸுருகெலுவும் சேர்ந்த பகுதியில் பிள்ளைப்பேறு 15 சதவீதம் குறைந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிரசவம் குறைவு. செலவு? ஆரம்ப சுகாதாரத்துக்கு ஆண்டுக்குத் தலைக்கு 6.80 டாலர் ஆகிக்கொண்டிருந்த இடத்தில் கூடுதலாக 1.92 டாலர்.

பிரித்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். தொண்டர்கள் மட்டும் இருந்த பகுதியில் குழந்தை இறப்பு குறையவில்லை. கையருகே தொண்டரின் மருந்து கிடைத்ததால், தாய்மார்கள் தேர்ந்த சிகிச்சைக்குப் போவதைத் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். செவிலியர் மட்டும் இருந்த பகுதியில் குழந்தைகள் பிழைத்தார்கள், பிள்ளைப்பேற்றில் மாற்றமில்லை. கருத்தடை கைக்கெட்டியும் ஆண்களின் மனம் அசையவில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இரண்டும் நடந்தன.

ஆக, ஊர் மக்களின் தோளில் மருத்துவ வேலையை இலவசமாக ஏற்றிவிட்டு அதற்கு ‘மக்கள் தலைமை’ என்று பெயர் சூட்டுவதை இந்த ஆய்வு ஆதரிக்கவில்லை. சளிக்காய்ச்சல் முற்றிய குழந்தைக்குத் தேவை பயிற்சியும் சம்பளமும் மருந்தும் மேற்பார்வையும் உள்ள ஒருவர். ஊரால் மட்டுமே செய்யக்கூடியவை வேறு: அவருக்கு இடம் கொடுப்பது, அவரைக் காப்பது, அவரிடம் கணக்குக் கேட்பது, பேசக் கூச்சப்பட்டதைப் பேசத் தொடங்குவது. நிதி கொடுப்போரும் அரசுகளும் ‘தொண்டர்’ என்ற சொல்லில் மயங்குவது அது மலிவானது என்பதால். அந்த மலிவின் விலையைக் கொடுப்பவை குழந்தைகள் என்பதை எண்களோடு காட்டியதற்காக நவ்ரோங்கோவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆய்வின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். நான்கே நான்கு பகுதிகள். தனித்தனிக் குடும்பங்களைக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல. ஆகவே பகுதிகளுக்கிடையே முன்பே இருந்த வேறுபாடுகளும் முடிவில் கலந்திருக்க இடமுண்டு. நீண்ட ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்த பிந்தைய கணக்கீடு, செவிலியர் பகுதியில் இறப்புச் சரிவை இதைவிட மிதமாகவே காட்டியது. திசை மாறவில்லை, அளவு சுருங்கியது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற தலைப்பிலேயே அந்த மையம் சிறு குறிப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டது. தோல்வியையும் அச்சிட்டுப் பரப்பிய அந்த நேர்மை, எண்களை நம்ப எனக்கு ஒரு காரணம்.

நவ்ரோங்கோவுக்கு வெளியே

ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊரில் எதுவும் நடக்கும், மற்ற இடங்களில் நடக்குமா என்ற சந்தேகம் எழுந்தது. விடை ந்க்வாண்டாவிலிருந்து வந்தது. அப்போது வோல்டா மண்டலத்தில் இருந்த, சாலை வசதி குறைந்த, பல இனத்தவர் வாழும் மாவட்டம் அது. ஆய்வாளர்கள் இல்லை, தனி நிதி இல்லை. மாவட்டச் சுகாதார இயக்குநர் மருத்துவர் ஜான் கோகு அவூனர்-வில்லியம்ஸ் தம் குழுவோடு நவ்ரோங்கோவுக்குப் போய், நேரில் பார்த்து, செவிலியர்களிடம் கேட்டறிந்து திரும்பினார். 1998 வாக்கில் ந்க்வாண்டாவில் அதை உள்ளூருக்கேற்ப நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். நடந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ‘சமூகம் சார்ந்த சுகாதாரத் திட்டமிடலும் சேவைகளும்’ என்ற பெயரில் அது நாட்டின் கொள்கையாயிற்று. அங்கே எல்லாரும் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சிப்ஸ்’ என்கிறார்கள்.

கொள்கையான பிறகு வேகம் குறைந்தது. முதல் பத்து ஆண்டுகளில் பரவல் ஏமாற்றமளித்தது. காரணங்களில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும்: ‘வளவு’ என்ற சொல் கட்டடமாகிவிட்டது. நவ்ரோங்கோவில் ஊர் கட்டிய மண்வீடு போதுமாக இருந்தது. நாடு முழுவதும் போனபோது பலருடைய எண்ணத்தில் அது சிமென்ட் கட்டடம், ஒப்பந்ததாரர், டெண்டர், அடிக்கல் என்று மாறிற்று. கட்டடம் முடியும்வரை செவிலியர் வரமாட்டார். நிதி வரும்வரை கட்டடம் முடியாது. கட்டடம் எழுந்த சில இடங்களில் வேறொரு வினோதம்: செவிலியர் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார், வீடுவீடாகப் போவது நின்றது. எந்தத் தேக்கத்தை உடைக்க எல்லாம் தொடங்கியதோ அதே தேக்கம், சிறிய வடிவில், ஊருக்குள்.

2010இல், நவ்ரோங்கோ அடங்கிய மேல் கிழக்கு மண்டலத்தில் தொடங்கிய அடுத்த கட்ட முயற்சி இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. அந்த மண்டலத்தின் சுகாதார இயக்குநராக அப்போது இருந்தவரும் அவூனர்-வில்லியம்ஸ்தான். கட்டடத்துக்குக் காத்திராமல், ஊர் தரும் எளிய இடத்தில் செவிலியரைக் குடியமர்த்தித் தொடங்கினார்கள். மாவட்ட அதிகாரிகளையும் உள்ளூர் அரசியல்வாதிகளையும் நன்றாக நடக்கும் ஊர்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஆண்டுக்குத் தலைக்கு 0.85 டாலர் என்ற சிறு தொகையை, கையிருப்பைப் பெருக்கும் விதைநெல்லாக, மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். அந்த மாவட்டங்களில் சேவையின் பரவல் மற்ற மாவட்டங்களைவிட மிக விரைவாக நடந்தது.

பிரசவம் மட்டும் தனிக் கவலையாக நின்றது. ஊரில் குடியிருந்த செவிலியர்களில் பெரும்பாலோர் மருத்துவச்சிகள் அல்லர். தாய்க்கு உதிரப்போக்கு நிற்காவிட்டால் செவிலியரால் செய்யக்கூடியது கொஞ்சம். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், உடனே. ஆம்புலன்ஸ் எட்டாத பாதைகள். அதற்கு அவர்கள் கண்டுகொண்டது, அந்தப் பக்கத்துச் சந்தைகளுக்கு மூட்டை ஏற்றிப் போகும் மூன்று சக்கர ‘மோட்டர்கிங்’ வண்டி. பின்பெட்டியில் படுக்கை பொருத்தி அதையே ஆம்புலன்ஸ் ஆக்கினார்கள். செவிலியர் கைப்பேசியில் அழைத்தால் வண்டி வரும். வயல்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையை விடக் கொஞ்சம் அகலமான தடத்தில், ஒரு காலத்தில் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே தூரத்தை, இப்போது ஒரு தாய் படுத்தபடி கடக்கிறார்.